கையில் ஊசி இருக்கும்போது

புதிதாக வார்டுக்கு வந்திருக்கும் செவிலியப் பிள்ளைகளுக்கு,

பொது மருத்துவ வார்டில் காலை எட்டரை மணி எப்படி இருக்கும் என்று இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். ரவுண்ட்ஸ் தொடங்கியிருக்கும். இரண்டு டிஸ்சார்ஜ், மூன்று அட்மிஷன், லேபுக்குப் போக வேண்டிய ரத்த மாதிரிகள், ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டிய நோயாளி, ஃபார்மசிக்கு இன்டென்ட். எட்டு மணி ஊசிகளில் பாதி இன்னும் பாக்கி. நடுவில் மூலைக் கட்டிலிலிருந்து, "சிஸ்டர், பாட்டில் தீர்ந்துபோச்சு" என்று ஒரு குரல். கல்லூரியில் இந்த வேலைகளைத் தனித்தனியாகப் படித்தீர்கள். எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும்போது என்ன செய்வது என்பதை வார்டில்தான் பழக வேண்டியிருக்கிறது. அரசு மருத்துவமனை வார்டுகளிலேயே பணிக்காலம் முழுவதையும் கழித்தவள் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

கெட்டிக்கார நர்ஸ் என்றால் ஒரே சமயத்தில் நாலு வேலை பார்ப்பாள் என்று ஒரு பேச்சு உண்டு. அதை நம்பாதீர்கள். கை ஒரு சமயத்தில் ஒரு வேலையைத்தான் செய்ய வேண்டும். பாக்கி வேலைகளைத் தலைக்குள் சுமக்காமல் வேறெங்காவது பத்திரமாக இறக்கி வைக்கத் தெரிந்தவர்கள்தான் வார்டைச் சமாளிக்கிறார்கள்.

1. ஹேண்ட் ஓவரை மேசையில் உட்கார்ந்து வாங்காதீர்கள். கட்டில் கட்டிலாக நடந்து வாங்குங்கள். ரிப்போர்ட் நோட்டில் ‘ட்ரிப்ஸ் ஓடுகிறது’ என்று இருக்கும். பக்கத்தில் போய்ப் பார்த்தால் கை வீங்கியிருக்கும். ஆக்சிஜன் எத்தனை லிட்டரில் ஓடுகிறது, யூரின் பையில் எவ்வளவு இருக்கிறது, நேற்று பேசிக்கொண்டிருந்தவர் இன்று ஏன் பேசவில்லை என்பதையெல்லாம் கண்ணால் பார்த்துவிட்டால், இந்த ட்யூட்டியில் எந்தக் கட்டிலுக்கு முதலில் ஓட வேண்டியிருக்கும் என்பது அப்போதே தெரிந்துவிடும். கூடுதலாகக் கொஞ்ச நேரம் ஆகும். ஆகட்டும்.

2. கோட் பாக்கெட்டில் நாலாக மடித்த ஒரு தாள் இருக்கட்டும். இடது ஓரத்தில் கட்டில் எண்கள், மேலே மணி: 8, 10, 12, 2. அந்தந்தக் கட்டத்தில் அந்தந்த வேலை. முடித்ததும் ஒரு கோடு. ரவுண்ட்ஸில் டாக்டர் ஏதாவது புதிதாகச் சொன்னால் நின்ற இடத்திலேயே தாளில் ஏற்றிவிடுங்கள். ‘அப்புறம் எழுதிக்கொள்ளலாம்’ என்று நினைத்தது அடுத்த கட்டிலுக்குப் போவதற்குள் மறந்துவிடும். உள்ளங்கையில் எழுதும் பழக்கம் வேண்டாம். கை கழுவினால் அது போய்விடும்; அது போய்விடுமே என்று கை கழுவாமல் இருந்தால் இன்னும் மோசம். தாளில் நோயாளியின் பெயரும் நோயும் வேண்டாம். ட்யூட்டி முடிந்ததும் கிழித்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

3. எதை முதலில் செய்வது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். சத்தம் போடுகிறவரிடம் முதலில் ஓடத் தோன்றும். சத்தம் போடும் அளவுக்கு அவருக்கு மூச்சு இருக்கிறது. சத்தமே போடாமல் வியர்த்துப் படுத்திருப்பவரை, மூச்சை வேகமாக இழுப்பவரை, எழுப்பினால் சரியாகப் பதில் சொல்லாதவரை முதலில் பாருங்கள். மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம் என்று படித்த வரிசை பரீட்சைக்கு மட்டுமானது இல்லை. ஏழு பேர் ஒரே நேரத்தில் கூப்பிடும்போதும் அதே வரிசைதான்.

அடுத்தது, கடிகாரத்தோடு கட்டிய வேலைகள். ரெகுலர் இன்சுலின் என்றால் சாப்பாட்டுக்கு அரை மணி நேரத்துக்கு முன்பு. ரத்தப் பை ஃபிரிட்ஜிலிருந்து வெளியே வந்துவிட்டால் 30 நிமிடத்துக்குள் ஏற்றத் தொடங்க வேண்டும், 4 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். ஏற்றத் தொடங்கிய முதல் 15 நிமிடம் நோயாளியின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஆகவே 15 நிமிடம் நிற்க முடியாத நேரத்தில் ரத்தப் பையை வாங்கி வரச் சொல்லாதீர்கள். செப்டிக் ஷாக் என்று சந்தேகம் வந்தவருக்கு ஆன்டிபயாட்டிக்கை ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அது பத்து மணி மருந்துகளோடு சேர்ந்து வரட்டும் என்று தள்ளக் கூடாது.

இன்னொரு வகை உண்டு, பலர் கவனிப்பதில்லை. அனுப்பிவிட்டால் தானாக நடக்கும் வேலைகள். ரத்த மாதிரியை எட்டு மணிக்கே லேபுக்கு அனுப்பிவிட்டால் நீங்கள் ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதே ரிசல்ட் தயாராகும். பத்து மணிக்கு அனுப்பினால் மதியம்வரை டாக்டரும் காத்திருப்பார், நோயாளியும் காத்திருப்பார், ட்யூட்டி மாறும்போது அந்த வேலை அடுத்தவர் தலையில் விழும். அனுப்ப வேண்டியதை முதலில் அனுப்புங்கள்.

ரிஜிஸ்டரும் இன்டென்டும் காத்திருக்கும். டிஸ்சார்ஜ் ஆகிறவர்கள் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று நிற்பார்கள். பாவம்தான், ஆனால் அவர்கள் குணமாகி வீட்டுக்குப் போகிறவர்கள்.

4. மருந்து கொடுக்கும் நேரத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரின் இரண்டு பெரிய மருத்துவமனைகளில் 98 செவிலியர்களைப் பின்தொடர்ந்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2010-இல் வெளிவந்தது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட முறை மருந்து கொடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்து எழுதினார்கள். மருந்து கொடுக்கும்போது ஒவ்வொரு முறை யாராவது குறுக்கிடும்போதும், மருந்து, அளவு போன்றவற்றில் தவறுகள் சுமார் 13 சதவீதம் கூடின. குறுக்கீடே இல்லாதபோது பெரிய தவறு நேரும் வாய்ப்பு 2.3 சதவீதம், நாலு முறை குறுக்கிட்டால் 4.7. அனுபவம் உள்ளவர்களும் இதில் அடக்கம். நமது வார்டில் ஒரு மருந்து ட்ராலியைத் தள்ளிக்கொண்டு ஒரு வரிசையைக் கடப்பதற்குள் எத்தனை பேர் கூப்பிடுகிறார்கள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

லேபிளை மூன்று முறை படியுங்கள்: அலமாரியிலிருந்து எடுக்கும்போது, சிரிஞ்சில் ஏற்றும்போது, குப்பியைத் திரும்ப வைக்கும்போது. நடுவில் யாராவது கூப்பிட்டு நீங்கள் திரும்பிப் பார்த்துவிட்டால், விட்ட இடத்திலிருந்து தொடராதீர்கள். அந்த நோயாளிக்கான வேலையை முதலிலிருந்து ஆரம்பியுங்கள். கேஸ் ஷீட்டை மறுபடி பாருங்கள், பெயரை மறுபடி கேளுங்கள். "இவர்தானே முருகன்?" என்று கேட்டால் தூக்கக் கலக்கத்தில் யாராக இருந்தாலும் தலையாட்டுவார்கள். "உங்க பேரு என்னங்கய்யா?" என்று கேளுங்கள். ஏற்றிய சிரிஞ்சை லேபிள் ஒட்டாமல் ட்ரேயில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போயிருந்தால், திரும்பி வந்து அதைப் பயன்படுத்தாதீர்கள். கொட்டிவிட்டுப் புதிதாக ஏற்றுங்கள்.

இன்சுலினில் இன்னும் கவனம் வேண்டும். ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. 40-க்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100-க்கு ஆரஞ்சு மூடி. அவசரத்தில் 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20-ஆம் கோடுவரை இழுத்தால், நோயாளிக்குப் போவது 50 யூனிட். சர்க்கரை எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலும் டிஸ்டில்டு வாட்டர் ஆம்பூலும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கலாம். பொட்டாசியத்தைக் கலக்காமல் நேரே நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். இரண்டையும் ஒரே ட்ரேயில் வைக்கவே வைக்காதீர்கள். உங்களுக்கு முன்னால் யாராவது வைத்திருந்தால் எடுத்து மாற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

5. ட்ரிப்ஸ் பாட்டிலின் நீளவாட்டில் ஒரு பிளாஸ்டர் பட்டையை ஒட்டுங்கள். எட்டு மணிக்கு மாட்டிய 500 மில்லி பாட்டில் 12 மணிக்குத் தீர வேண்டும் என்றால், பட்டையில் 8, 9, 10, 11, 12 என்று சம இடைவெளியில் கோடு போடுங்கள். மில்லிக்கு 20 சொட்டு விழும் செட்டில் அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 சொட்டு. அதன் பிறகு ஒவ்வொரு முறையும் நின்று எண்ண வேண்டாம். கடந்து போகும்போது ஒரு பார்வை போதும்: மணி பத்து, தண்ணீர் பதினொன்றாம் கோட்டில் நிற்கிறது, வேகமாக ஓடுகிறது என்று உடனே தெரிந்துவிடும். பாட்டில் தீர்ந்தபின் கூப்பிடும் குரலும் குறையும். நீங்கள் முன்பே அடுத்த பாட்டிலோடு போயிருப்பீர்கள்.

6. செய்ததை அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கொடுக்கும் முன்பும் எழுதாதீர்கள், ட்யூட்டி முடியும்போது மொத்தமாகவும் எழுதாதீர்கள். எழுதும் வரை அந்த வேலை முடியவில்லை. நீங்கள் ஊசி போட்டுவிட்டு எழுதாமல் விட்டால், அடுத்து வரும் சிஸ்டர் காலியாக இருக்கும் கட்டத்தைப் பார்த்து இன்னொரு டோஸ் போடுவார். அவர்மேல் தவறில்லை. காலையில் பார்த்த பி.பி.யை மதியம் நினைவிலிருந்து எழுதினால் எல்லார் பி.பி.யும் 120/80 ஆகிவிடும். அதை நம்பித்தான் டாக்டர் மருந்தைக் கூட்டுவார், குறைப்பார்.

7. கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்லுங்கள். முகத்தைப் பார்த்து, "இந்த ஊசியைப் போட்டுட்டு வரேம்மா, ரெண்டு நிமிஷம்" என்று சொல்லுங்கள், சொன்னபடி போங்கள். தலையைக் குனிந்துகொண்டு காதில் விழாததுபோல் போனால் அந்த அம்மா மூன்று முறை கூப்பிடுவார், நாலாவது முறை எழுந்து வந்து பக்கத்தில் நிற்பார். சொன்ன நேரத்தில் வருகிற சிஸ்டரை வார்டு இரண்டே நாளில் அடையாளம் கண்டுகொள்ளும். அப்புறம் வெறுமனே யாரும் கூப்பிட மாட்டார்கள். மூச்சுத் திணறல், வலிப்பு, ரத்தம் என்று கூப்பிட்டால் மட்டும் ட்ராலியைப் பூட்டிவிட்டு அந்த நொடியே ஓடுங்கள்.

8. எதைப் பகிர்ந்து கொடுக்கலாம் என்று தெரிந்துகொள்ளுங்கள். மாதிரியைக் கொண்டுபோவது, ஸ்ட்ரெச்சர் தள்ளுவது, ஆக்சிஜன் சிலிண்டர் மாற்ற ஆள் கூப்பிடுவது இவற்றை மருத்துவமனைப் பணியாளர்களிடம் மரியாதையாகக் கேளுங்கள். "அண்ணே, இதைக் கொஞ்சம் முதல்ல கொண்டுபோய்க் கொடுத்திருங்க" என்றால் போகாதவர்கள் குறைவு. கூட இருக்கும் உறவினர்களுக்கு எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள்: மூச்சு வேகமானால், உடம்பு சில்லிட்டால், பேச்சு குழறினால் ஓடி வந்து சொல்லுங்கள் என்று. ஆனால் ட்ரிப்ஸ் வேகத்தைத் திருப்பவோ, ஆக்சிஜனைக் கூட்டவோ அவர்களை விடாதீர்கள்.

9. டாக்டருக்குப் போன் செய்யும் முன் பி.பி., நாடித்துடிப்பு, ஆக்சிஜன் அளவு, சர்க்கரை, கேஸ் ஷீட் எல்லாம் கையில் இருக்கட்டும். யார், இப்போது என்ன, எதற்காகச் சேர்ந்தவர், உங்களுக்கு என்ன வேண்டும். நாலு வரி போதும். ‘ஒருமாதிரியா இருக்கார் டாக்டர்’ என்று தொடங்கினால் மூன்று முறை போன் செய்ய வேண்டியிருக்கும். போனில் சொன்ன மருந்தை அளவோடு திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்துங்கள். டாக்டர் வார்டுக்கு வந்ததும் கேஸ் ஷீட்டில் எழுதி வாங்கிவிடுங்கள்.

10. நைட் ட்யூட்டியில் மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரை மூளை மந்தமாக இருக்கும். வயதுக்கோ திறமைக்கோ சம்பந்தமில்லை, உடம்பின் கடிகாரம் அப்படி. அந்த நேரத்தில் அளவு கணக்குப் போட வேண்டிய மருந்து எதுவானாலும் இன்னொருவரிடம் காட்டி, அவரையும் தனியாகக் கணக்குப் போடச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல், பாத்ரூம் போகாமல் நிற்பதைச் சேவை என்று நினைக்காதீர்கள்.

11. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இல் எழுதிய ‘நோட்ஸ் ஆன் நர்ஸிங்’ புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயமே நாம் அந்த இடத்தில் இல்லாதபோது நம் வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதைப் பற்றியது. கிடைத்தால் அதையாவது படியுங்கள். ட்யூட்டி முடிந்து கிளம்பும்போது, முடிக்காத வேலையை மறைத்துவிட்டுப் போவதைவிட, "ஏழாம் கட்டிலுக்கு டிரெஸ்ஸிங் முடியலை, பதினாலுக்கு ரத்த ரிசல்ட் வரணும்" என்று சொல்லிவிட்டுப் போவது மேல். பாக்கி வைத்ததற்காக உங்களை யாராவது கடிந்துகொண்டால் கேட்டுக்கொள்ளுங்கள், நோயாளி தப்பித்தார்.

12. கடைசியாக ஒன்று, இதை யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். மேலே சொன்னதையெல்லாம் சரியாகச் செய்தும் சில நாள் வேலை முடியாது. அப்போது, ‘எனக்குத்தான் சாமர்த்தியம் போதவில்லை’ என்று அழுதுகொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். போதனா மருத்துவமனைகளின் பொது வார்டில் 3 நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், மற்ற மருத்துவமனைகளில் 5 பேருக்கு ஒருவர் என்பது இந்தியச் செவிலியர் குழுமம் வகுத்த அளவு. நீங்கள் நாற்பது கட்டிலுக்கு இரண்டு பேராக நிற்கும் நாளில் எந்தத் தாளும் எந்த வரிசையும் அந்த இடைவெளியை முழுதாக அடைக்காது. அதை ரிப்போர்ட் நோட்டில் எழுதுங்கள்: தேதி, ட்யூட்டி, எத்தனை நோயாளிகள், எத்தனை பேர் பணியில், எந்த வேலை நடக்கவில்லை. புகாராக எழுத வேண்டாம், கணக்காக எழுதுங்கள். இன்சார்ஜ் சிஸ்டரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். மறுநாளும் அப்படியே இருந்தால் மறுநாளும் எழுதுங்கள். ஆள் கேட்டு மேலே போகும் கடிதத்தோடு அந்தப் பக்கங்களை இணைக்கச் சொல்லுங்கள்.