எக்ஸ்ரேக்கு முன்னால் விரல்: கணுக்கால் பார்க்கத் தொடங்கும் இளம் மருத்துவர்களுக்கு

விபத்துப் பிரிவில் முதன்முதலாக இரவுப் பணி பார்க்கப் போகும் தம்பி, தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். கணுக்கால் பிசகி வருபவரை ‘வெறும் சுளுக்குதான்’ என்று ஒரு வலி மாத்திரையோடு அனுப்பிவிடும் பழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. அப்படி அனுப்பப்பட்ட பலர் பல ஆண்டுகள் கழித்தும் சமதளத்தில்கூடக் கால் மடங்கி விழுகிறார்கள். அது என்னை இன்னும் வருத்துகிறது.

1. கால் எப்படி மடங்கியது என்று கேளுங்கள். படியில் தவறிப் பாதம் உள்பக்கமாக மடங்கினால், வெளிக்கணுவுக்கு முன்னால் இருக்கும் ஜவ்வுதான் முதலில் கிழியும். சுளுக்குகளில் பெரும்பாலானவை இந்த வகை. பாதம் ஊன்றியிருக்க உடம்பு சுழன்றது என்கிறாரா? கபடிக் களத்திலிருந்து வருபவர் அடிக்கடி இப்படித்தான் சொல்வார். அப்போது கணுவுக்கு மேலே இரண்டு எலும்புகளையும் பிணைத்திருக்கும் ஜவ்வைச் சந்தேகியுங்கள். அது ஆற அதிக நாள் பிடிக்கும். இவர்களுக்கு வெளி எலும்பை முழங்கால் வரை தொட்டுப் பாருங்கள். கணுக்காலில் பட்ட அடி சில நேரம் அங்கே போய் எலும்பை முறித்திருக்கும்.

2. எக்ஸ்ரே எழுதுமுன் விரலால் அழுத்திப் பாருங்கள். கனடாவின் ஒட்டாவாவில் இயன் ஸ்டீல் குழுவினர் 1992-இல் வெளியிட்ட விதிகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இரண்டு கணுக்களின் நுனியிலோ, பின் விளிம்பில் கீழ் 6 சென்டிமீட்டருக்குள்ளோ எலும்பு வலிக்கிறதா? அடிபட்ட உடனேயும் இப்போது உங்கள் முன்னாலும் நான்கு அடி வைக்க முடியவில்லையா? கணுவைச் சுற்றி வலியிருந்து, இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் படம் எடுங்கள். சுண்டுவிரல் பக்கத்து நீள எலும்பின் அடிப்பகுதியையும் பாதத்தின் உள்பக்கத்துப் படகெலும்பையும் விட்டுவிடாதீர்கள். அங்கே வலித்தால் பாதத்துக்கும் தனியாகப் படம் வேண்டும். குடித்துவிட்டு வந்தவருக்கும், காலில் உணர்ச்சி இல்லாதவருக்கும் இந்த விதியை நம்ப வேண்டாம். வலியே தெரியாதவரிடம் வலியை வைத்து எதை முடிவு செய்வது?

3. “பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி இருந்தது, திரும்பினால் யாரும் இல்லை” என்று ஒருவர் சொன்னால் குப்புறப் படுக்க வைத்துக் கெண்டைக்காலைப் பிசையுங்கள். பாதம் அசையவில்லை என்றால் குதிகால் தசைநாண் அறுந்துவிட்டது. அவர் நடந்தே வந்திருப்பார், பாதத்தைக் கொஞ்சம் கீழே அழுத்தவும் செய்வார். வேறு தசைகள் உதவும். அதைப் பார்த்து ஏமாந்து சுளுக்கு என்று எழுதிவிடுகிறார்கள்.

4. மூட்டு விலகித் தோல் வெளுத்து இழுபட்டு நின்றால் எக்ஸ்ரே அறைக்கு அனுப்பிக் காத்திருக்காதீர்கள். நாடியைப் பாருங்கள், வலியை அடக்குங்கள், மூத்தவரை அழைத்து மூட்டை இடத்தில் வையுங்கள்.

5. நம் ஊரில் உங்களிடம் வருமுன் பாதிப் பேராவது எண்ணெய் போட்டு நீவியிருப்பார்கள், அல்லது புத்தூர் கட்டோடு வருவார்கள். திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை சொல்லாமல் மறைப்பார்கள். முதல் சில நாட்கள் அழுத்தி நீவினால் உள்ளே இரத்தக் கசிவு கூடும் என்பதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். கட்டு இறுகி விரல்கள் நீலம் பாய்ந்திருந்தால் முதலில் அதை அவிழுங்கள்.

6. எலும்பு முறியவில்லை என்றதோடு வைத்தியம் முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். நாம் அதிகம் தவறுவது இங்கேதான். ஐஸ், தூக்கி வைத்தல், கிரேப் பேண்டேஜ் எல்லாம் முதல் சில நாள் ஆறுதல். பெரும்பாலான ஜவ்வுக் கிழிசலுக்கு ஆறு வாரம் மாவுக்கட்டு தேவையில்லை. கணுக்கால் உறை போட்டு, தாங்கும் அளவுக்கு ஊன்றி நடக்க விடுவதே நல்லது. ஜவ்வு கிழியும்போது மூட்டின் நிலையை மூளைக்குச் சொல்லும் உணர்வும் கெடுகிறது. அதைப் பயிற்சியால்தான் மீட்க முடியும். வலி குறைந்ததும் பல் துலக்கும்போது அடிபட்ட காலில் மட்டும் நிற்கச் சொல்லுங்கள். அது கைவந்ததும் சுவரருகே கண்ணை மூடி நிற்கட்டும். குதிகால் தரையில் பதியக் குத்துக்காலிட்டு உட்கார முடிகிறதா என்று மறுவருகையில் பாருங்கள். அதற்கு முன் எந்தப் பையனையும் மைதானத்துக்கு அனுப்பாதீர்கள். ஒருமுறை சுளுக்கிய கால்தான் மறுபடி சுளுக்கும்.

7. அடியே படாமல் வீங்கிச் சுடும் மூட்டில், அதுவும் காய்ச்சலோடு இருந்தால், ஊசியால் நீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். சீழ் கோத்த மூட்டில் குருத்தெலும்பு சில நாட்களிலேயே அழிந்துவிடும். யூரிக் அமிலம் சரியாக இருக்கிறது என்பதற்காகக் கௌட் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். வலி உச்சத்தில் இருக்கும்போது அது இயல்பாகவே காட்டக்கூடும். கிருமி இல்லை என்று தெரியும் வரை ஸ்டீராய்டு ஊசி கூடாது.

8. கடைசியாகச் சொல்வது எனக்கு மிகவும் முக்கியம். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதம் சிதைவதற்குப் பெரும் காரணம் வலி உணர்வு போனதுதான் என்று காட்டினார். இன்று அதே நிலையில் நம்மிடம் வருபவர் நெடுநாள் சர்க்கரை நோயாளி. ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சிவந்திருக்கும், வலி குறைவு, எக்ஸ்ரேயிலும் தொடக்கத்தில் ஒன்றும் தெரியாது. புறங்கையால் இரண்டு பாதங்களையும் தொட்டுச் சூட்டை ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் சுட்டால், கிருமித் தொற்றை விலக்கிய கையோடு சார்கோ பாதமா என்று யோசியுங்கள். உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கக் கூடும். வலிக்கவில்லை என்று அவர் எவ்வளவு சொன்னாலும், அந்தப் பாதத்தை ஊன்றி வீட்டுக்கு நடந்து போக மட்டும் விடாதீர்கள்.