தோல்வியைத் தாங்கும் திண்மை

உலகில் வெற்றியை விரும்பாதார் இலர். தோல்வியை அறியாதாரும் இலர். வென்றோன் எவ்வாறு நடத்தல் வேண்டும் என்பதைப் பலரும் எடுத்துரைப்பர். தோற்றோன் எவ்வாறு நிற்றல் வேண்டும் என்பதைக் கற்பிப்பார் சிலரே. ‘தோல்வியே வெற்றியின் முதற்படி’ என்பர். அம்மொழி பாதி உண்மையே. படி தானாக எவரையும் மேலே ஏற்றுவதில்லை. ஏறும் கால்கள் வேண்டும். ஏறிய பின்னும் திறவாத கதவுகள் சில உள.

நம் நாட்டுத் துடுப்பாட்ட வரலாற்றை நோக்குவோம். 2007இல் பிரிட்ஜ்டவுனில் அவுஸ்திரேலியாவிடமும், 2009இல் லோர்ட்ஸ் மைதானத்தில் பாகிஸ்தானிடமும், 2011இல் மும்பாயில் இந்தியாவிடமும், 2012இல் கொழும்பில் நம் மக்கள் கண்முன்னே மேற்கிந்தியத் தீவுகளிடமும் இலங்கை அணி தோற்றது. நான்கும் உலகக் கிண்ண இறுதி ஆட்டங்கள். குமார் சங்கக்காரவும் மகேல ஜயவர்தனவும் அந்நான்கிலும் ஆடியவர்கள்.

மும்பாய் ஆட்டத்தில் ஜயவர்தன ஆட்டமிழக்காது 103 ஓட்டங்கள் பெற்றார். ஆயினும் கிண்ணம் கிடைக்கவில்லை. அணி தோற்றமையால் அச்சதத்தின் மாண்பு குறைந்ததா? இல்லை. முயற்சியின் தரம் வேறு, முடிவு வேறு. இது முதற் பாடம்.

2011இன் தோல்விக்குப் பின் சங்கக்காரவும், 2012இன் தோல்விக்குப் பின் இருபது ஓவர் அணியில் ஜயவர்தனவும் தலைமையைத் துறந்தனர், மட்டையைத் துறந்தாரல்லர். 2014 ஏப்பிரல் 6ஆம் நாள், டாக்காவில், லசித் மாலிங்கவின் தலைமையின் கீழ் இருவரும் இருபது ஓவர் இறுதி ஆட்டத்தில் இறங்கினர். சங்கக்கார 35 பந்துகளில் ஆட்டமிழக்காது 52 ஓட்டங்கள் பெற, இலங்கை இந்தியாவை ஆறு விக்கெட்டுகளால் வென்றது. பதவி போயினும் பணியை விடாமை இரண்டாம் பாடம்.

ஐம்பது ஓவர் உலகக் கிண்ணமோ அவ்விருவர்க்கும் இறுதிவரை எட்டவேயில்லை. 2015ஆம் ஆண்டுப் போட்டியில் சங்கக்கார தொடர்ந்து நான்கு சதங்கள் அடித்தும், அணி காலிறுதியில் தென்னாபிரிக்காவிடம் தோற்றது. விரும்பியது கிட்டாமற் போகலாம் என்பதை அறிந்தும் உழைத்தலே மூன்றாம் பாடம். மூன்றனுள்ளும் அரியது இதுவே.

இனி நம் வாழ்வுக்கு வருவோம். சப்பிரகமுவத் தோட்டங்களில் காலையில் மழை பெய்தால் இறப்பர்ப் பால்வெட்டு நின்றுவிடும். அது வெட்டுவோரின் குற்றமன்று. கத்தி ஆழப் பதிந்து மரம் காயப்படின், அது கையின் குற்றம். தோற்றவன் முதலில் செய்யத்தக்கது இவ்விரண்டையும் பிரித்தறிதலேயாம். க. பொ. த. சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்திற் சித்தியெய்தாத மாணவன், பயிற்சிக் கணக்குகளைச் செய்யாது விட்டிருப்பின் அது கையின் குற்றம், திருத்திக்கொள்ளலாம். லயத்து ஒற்றையறையிற் படிக்க இடமின்மையும், நெடுந்தூரம் நடந்து பள்ளி சேர்தலும் மழையை ஒத்தவை. அவற்றைத் தன் அறிவின்மை என்று அவன் எண்ணி மனமுடைதல் தகாது.

மழையை நிறுத்த எவராலும் இயலாது. ஆயினும், வெட்டிய பட்டை நனையாதிருக்க மரத்தைச் சுற்றி மறைப்புக் கட்டும் வழக்கம் உண்டன்றோ! ஆசிரியரும் பழைய மாணவரும் அத்தகைய மறைப்பாக விளங்குதல் வேண்டும். மாலை வேளையில் ஒரு விளக்கும், ஒரு மேசையும், அருகிருந்து கணக்குச் சொல்லித்தர ஒருவரும் அமைந்தால், தோற்ற மாணவர் பலர் மீண்டும் எழுவர். விழாக் காலத்தில் வென்றோரைப் பாராட்டும் நாம் அவர்களையும் நினைத்தல் கடன்.

மாணவர்காள்! திருவள்ளுவர் ‘ஆள்வினையுடைமை’யை அடுத்து ‘இடுக்கண் அழியாமை’ என்னும் அதிகாரத்தை வைத்துள்ளார். முயல்வோர்க்கே இடுக்கண் உண்டு. முயலாதார் தோற்பதற்கு எதுவுமில்லை. ஆதலின், தோற்ற மாலையில் வென்றவனின் கையைப் பற்றி வாழ்த்துங்கள். மறுநாட் காலையிற் பயிற்சிக்கு வாருங்கள்.