பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

"ஒரே அசதியா இருக்கு டாக்டர். இடுப்பு விட்டுப்போகுது. வெள்ளை வேற படுது."

மகளிர் மருத்துவர்களுக்குப் பழகிப்போன முறையீடு இது. மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லும்போதே தீர்ப்பும் எழுதியாகிவிடுகிறது: முதல் இரண்டுக்கும் காரணம் மூன்றாவதுதான்.

நம்பிக்கை: எலும்பு உருகித்தான் வெள்ளையாக இறங்குகிறது. உடம்புச் சத்தெல்லாம் அதோடு போய்விடும்.

எலும்புக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. கர்ப்பப்பை வாயில் ஊறும் சளி, யோனிச் சுவரில் கசியும் நீர், உதிர்ந்த செல்கள், அங்கேயே குடியிருக்கும் நல்ல நுண்ணுயிரிகள் ஆகியவை கலந்ததுதான் வெள்ளை. மாதவிலக்கு வரும் வயதில் நாளொன்றுக்கு 1 முதல் 4 மில்லி வரை படுவது இயல்பு. ஒரு டீஸ்பூன்கூட நிரம்பாத அதில், போனால் உடம்பு தளர்ந்துவிடும் அளவுக்குச் சத்து ஏதுமில்லை. கருமுட்டை வெளியாகும் நாட்களில் முட்டையின் வெள்ளைக்கருவைப் போல வழுவழுவென்று நீளும், பிறகு கெட்டிப்படும். கர்ப்பத்தில் கூடும். வயதுக்கு வருவதற்குச் சில மாதங்கள் முன்பே சிறுமிகளுக்குத் தொடங்கிவிடும். பிறந்த பெண் குழந்தைக்குக்கூடத் தாயின் ஹார்மோனால் சில நாட்கள் படும். அதற்கும் கைவைத்தியம் தேடும் பாட்டிமார் சற்றுப் பொறுக்கலாம்.

அப்படியானால் அசதி எங்கிருந்து வருகிறது? 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. வெள்ளையைத் திட்டும் நேரத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிடலாம். இன்னொரு காரணத்தை ரத்தப் பரிசோதனை காட்டாது. மனநல மருத்துவர் விக்ரம் படேலும் அவர் குழுவினரும் கோவாவில் ஏறத்தாழ 2,500 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2005இல் வெளிவந்தது. வெள்ளைபடுகிறது என்ற முறையீட்டுக்கு நோய்த்தொற்றைவிட மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றோடுதான் நெருங்கிய தொடர்பு இருந்தது. எனக்கு இதில் வியப்பில்லை. "மனசு சரியில்லை" என்று சொன்னால் எத்தனை வீடுகளில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவார்கள்? "வெள்ளைபடுது" என்றால் மாமியாரே கூட வருவார்.

நம்பிக்கை: எல்லாம் உடம்புச் சூடு.

இளநீர், மோர், ஊறவைத்த வெந்தயம் எல்லாம் நல்லவைதான், தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் அரிப்பையும் நாற்றத்தையும் வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் வெந்தயத்தை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது.

நம்பிக்கை: உள்ளேயும் கழுவினால்தான் சுத்தம்.

இருப்பதிலேயே அதிகக் கெடுதல் செய்வது இதுதான். சோப்பு, டெட்டால், வேப்பிலைத் தண்ணீர், இப்போது விளம்பரத்தில் மணக்கும் 'இன்டிமேட் வாஷ்' என்று எதையாவது உள்ளே செலுத்துகிறார்கள். யோனி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் உறுப்பு. அங்குள்ள லாக்டோபேசிலஸ் நுண்ணுயிரிகள் லாக்டிக் அமிலத்தைச் சுரந்து பி.எச். அளவை 3.8க்கும் 4.5க்கும் இடையில் வைத்திருக்கின்றன. கெட்ட கிருமிகளுக்கு அந்தப் புளிப்பு ஆகாது. ஆல்பர்ட் டோடர்லைன் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1892லேயே இந்த நுண்ணுயிரிகளை விவரித்துவிட்டார். உள்ளே கழுவும்போது முதலில் போவது இந்தக் காவல்தான். கருப்பு ஜட்டி நடுவில் வெளுத்துப்போனால் பதற வேண்டாம், இதே அமிலத்தின் வேலைதான் அது.

வெளிப்புறத்தை மட்டும் வெறும் தண்ணீரில் கழுவினால் போதும், முன்னிருந்து பின்னாக. பருத்தி உள்ளாடை நல்லது. அதைத் துண்டுக்கும் பாவாடைக்கும் அடியில் ஒளித்து ஈரத்தோடு காயவைக்கும் வழக்கத்தை என்றைக்குத்தான் விடப்போகிறோமோ! வெயிலில் போடுங்கள், யார் பார்த்தால் என்ன?

நம்பிக்கை: கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தொல்லை தீரும்.

இப்படிச் சொல்லியே பல மாநிலங்களில் கிராமத்துப் பெண்களின் கர்ப்பப்பையை அகற்றியிருக்கிறார்கள். பிகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் நடந்த தேவையற்ற அறுவைசிகிச்சைகள் குறித்த பொதுநல வழக்கில், மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளை 3 மாதங்களுக்குள் பின்பற்றுமாறு 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. கர்ப்பப்பை போனாலும் யோனிச் சுவர் கசிந்துகொண்டுதான் இருக்கும். கூடவே சினைப்பைகளையும் இளவயதில் எடுத்துவிட்டால் ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பு நிஜமாகவே மெலியும். எலும்பு உருகுகிறதென்று பயந்து போனவருக்குக் கிடைக்கும் வைத்தியம் இது!

நம்பிக்கை: எந்த வெள்ளைக்கும் மெடிக்கல் ஷாப்பில் ஒரே மாத்திரை போதும்.

திரிந்த பால்போல் கட்டியாகப் பட்டு அரிப்பும் எரிச்சலும் இருந்தால் பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. அடிக்கடி வந்தால் சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும். ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகும் இது வரலாம். சாம்பல் நிறத்தில் நீர்த்து, மீன் வாடை அடித்தால் நல்ல நுண்ணுயிரிகள் குறைந்து மற்றவை பெருகியிருக்கின்றன. மஞ்சளும் பச்சையுமாக நுரைத்து வந்தால் உடலுறவில் பரவும் டிரைகோமோனாஸ் தொற்றாக இருக்கக்கூடும். அப்போது கணவரும் மருந்து சாப்பிட்டாக வேண்டும், இல்லாவிட்டால் அது திரும்பத் திரும்ப வரும். பூஞ்சைக்கான மருந்து மற்ற இரண்டுக்கும் ஆகாது, அவற்றுக்கானது பூஞ்சைக்கும் ஆகாது. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் போடவே கூடாது.

காய்ச்சலும் அடிவயிற்று வலியும் சேர்ந்தால் அன்றே போய்விடுங்கள். மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் கலந்தோ துர்நாற்றத்தோடோ பட்டாலும், உடலுறவுக்குப் பின் ரத்தம் தெரிந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இப்படியும் தலைகாட்டலாம். 30 வயதைக் கடந்தவர்களுக்குத் தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இதற்கான பரிசோதனை செய்கிறார்கள், கட்டணம் கிடையாது.