ஆட்டோ வந்து சேர்வதற்குள்

வீட்டில் ஒருவருக்கு முடியாமல் போனால் மற்ற எல்லோருக்கும் கை பரபரக்கும். ஒருவர் மஞ்சள் டப்பாவைத் திறப்பார், இன்னொருவர் சோடா வாங்க ஓடுவார். அந்தப் பரபரப்பில் எதைச் செய்யலாம், எதை விடலாம்?

1. மூன்று நாள் கொளுத்திய காய்ச்சல் நான்காம் நாள் சட்டென்று விட்டதும் ‘அப்பாடா’ என்கிறோம். டெங்குவாக இருந்தால் ஆபத்து தொடங்குவதே அப்போதுதான். அடுத்த ஒன்றிரண்டு நாளில் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியக்கூடும். விடாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், கைகால் சில்லிடுவது, பிள்ளை எழுந்திருக்காமல் சுருண்டு கிடப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காதீர்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் மூன்றும் ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். நிலவேம்புக் கஷாயம் கொடுப்பவர்கள் கொடுங்கள். அதைக் காரணம் சொல்லி ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

2. வயிற்றுப்போக்கில் ஆளைச் சாய்ப்பது நீரும் உப்பும் வெளியேறுவதுதான். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இல்லையென்றால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. குமித்து அள்ளாதீர்கள், உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. சர்க்கரை ருசிக்காகச் சேர்ப்பதல்ல. குடல் உப்பை உறிஞ்ச அதுதான் வழிவிடுகிறது. 1971இல் வங்க எல்லையில், பங்கான் அகதிகள் முகாமில் காலரா பரவி டிரிப் பாட்டில்கள் போதாமல் போனபோது, டாக்டர் திலீப் மஹலனோபிஸ் இந்த மாதிரிக் கரைசலை டிரம்களில் நிரப்பிக் குடிக்க வைத்தார். நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். தாய்ப்பாலையும் கஞ்சியையும் நிறுத்த வேண்டாம். கரைத்தது 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிடுங்கள்.

3. வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் ஒன்றும் ஆகாது. பெரும்பாலான வலிப்புகள் சில நிமிடங்களில் தாமாகவே அடங்கும். பெயர் சாவிக்குப் போய்விடுகிறது! ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

4. எண்ணெய் தெறித்த கைக்கு இருபது நிமிடம் குழாய்த் தண்ணீர். பேனா மை, பற்பசை, ஐஸ் கூடாது.

5. ‘வாயு பிடித்திருக்கிறது’ என்று இஞ்சிச் சாறு குடித்துவிட்டுப் படுத்தவர்களை நிறையப் பேருக்குத் தெரிந்திருக்கும். நெஞ்சில் பாறையை வைத்தாற்போல அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குப்பென்று வியர்வை இருந்தால் ஈ.சி.ஜி. எடுத்த பிறகுதான் வாயுவைப் பற்றிப் பேச வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் மூச்சுத்திணறல் மட்டும் வரலாம். பெண்களோ அசதி என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறார்கள்.

6. சிரிக்கும்போது வாய் கோணுகிறதா, இரு கையையும் தூக்கினால் ஒன்று கீழே இறங்குகிறதா, பேச்சு குழறுகிறதா? பக்கவாதம். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி சுமார் நாலரை மணி நேரத்துக்குள்தான் பலன் தரும். அதற்கு முன் ஸ்கேனும் எடுக்க வேண்டும். ஆகவே எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வாயில் தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம், புரையேறும்.

7. நாய் கடித்த இடத்தில் சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் வேண்டாம். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே தடுப்பூசி போடத் தொடங்குங்கள். ரத்தம் வந்த கடி என்றால் இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவை. வளர்ப்பு நாய்தானே என்று விடாதீர்கள்.

8. சர்க்கரைக்கு மாத்திரை போடுபவர், ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, பதினோரு மணிக்குக் கை நடுங்கி வியர்த்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர். நினைவு தப்பியிருந்தால் வாயில் ஊற்றாதீர்கள்.

9. மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பிடிக்கக் கூடாது. முன்னே குனிந்து, மூக்கின் மெத்தென்ற பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள்.

10. இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கு மூன்றாவது சிரப் பாட்டில் வேண்டாம், காசநோயா என்று பார்க்கச் சளிப் பரிசோதனை வேண்டும். அரசு மருத்துவமனையில் இலவசம்.

11. வீட்டில் தினமும் மாத்திரை போடுபவர்களின் அட்டைகளை, பெயர் தெரியும்படி இன்றே போனில் படம் எடுத்து வையுங்கள். ‘வெள்ளையா, சின்னதா, ராத்திரி போடுற மாத்திரை’ என்று சொன்னால் எந்த டாக்டருக்கும் விளங்காது.