பாட்டை விடும், கரண்டைத் தடுக்கும்: கப்ளிங் கண்டன்சர் குறிப்புகள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரோ பங்குனிப் பூக்குழியோ வந்துவிட்டால் தெருவுக்குத் தெரு ரேடியோ செட் கட்டிவிடுவார்கள். மார்கழி விடியலில் ராஜபாளையம் வரைக்கும் திருப்பாவைதான். நம் வீட்டுக்குள்ளும் பழைய ஆம்ப்ளிபயரோ, கோடை எஃப்.எம். பாடுகிற ரேடியோவோ ஒன்று இருக்கும். அது கரகரத்தாலோ சத்தம் மெலிந்தாலோ அவசரப்பட்டு எடைக்குப் போட்டுவிடாதீங்க. பல நேரம் போயிருப்பது சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற ஒரு கப்ளிங் கண்டன்சர் மட்டும்தான். மல்டிமீட்டரும் சாலிடரிங் அயர்னும் புழங்குகிற வீடுகளுக்கு, கைகண்ட சில குறிப்புகள் இதோ.

1. சர்க்யூட்டில் ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குப் பாட்டை மட்டும் விட்டு, டிசி வோல்டேஜை நிறுத்திவைப்பதுதான் கப்ளிங் கண்டன்சரின் வேலை. மாவை இறக்கிவிட்டுக் கப்பியை மேலே நிறுத்துகிற சல்லடை மாதிரி. காய்ந்துபோனால் பாட்டு மெலியும், கசிந்தால் டிசி உள்ளே நுழையும். இந்த இரண்டையும் நினைவில் வைத்தாலே பாதிப் பழுதை உட்கார்ந்த இடத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்.

2. பழுதைக் காதாலேயே பிரிக்கலாம். பாடுகிறவர் குரல் கேட்கிறது, தவிலும் மிருதங்கமும் அமுங்கிவிட்டன என்றால் கப்ளிங் கண்டன்சரைப் பாருங்க. வால்யூமை முழுக்கக் குறைத்த பிறகும் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் இருந்தால், பவர் சப்ளையில் இருக்கிற பெரிய ஃபில்டர் கண்டன்சர் மேல் சந்தேகப்படுங்க. இரண்டையும் சேர்த்து மாற்றிக் காசை வீணாக்க வேண்டாம்.

3. ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் மெலிந்தால் புது ஸ்பீக்கர் வாங்கக் கிளம்பாதீங்க. செட்டை அணைத்துவிட்டு இடது வலது ஸ்பீக்கர்களை மாற்றிப் போட்டுப் பாருங்க. குறை ஸ்பீக்கரோடு சேர்ந்து நகர்ந்தால் ஸ்பீக்கர் பழுது. அதே சானலில் நின்றால் ஆம்ப்ளிபயருக்குள்தான் கோளாறு.

4. நம் பக்கம் அதிகம் புழங்குகிற 4440 ஐசி போர்டையே எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட் கொடுத்து ஸ்டீரியோவாக ஓட்டும்போது, பாட்டு இல்லாத நேரத்திலும் அதன் வெளியீட்டுக் காலில் ஏறக்குறைய 6 வோல்ட் டிசி நிற்கும். அது 4 ஓம் ஸ்பீக்கருக்குள் நேராகப் போனால் ஒன்றரை ஆம்பியர், அதாவது 9 வாட் சூடு, ஓயாமல் காயிலில் இறங்கும். கூம்புக் காகிதம் ஒரு பக்கம் இழுத்தபடி நின்றுவிடும், கொஞ்ச நேரத்தில் கருகல் வாடை வரும். இதைத் தடுத்து நிற்பது நடுவில் இருக்கிற அந்த ஒற்றைக் கண்டன்சர்தான். அதில் மட்டும் கஞ்சத்தனம் காட்டாதீங்க.

5. பழைய போர்டில் புது ஸ்பீக்கரை மாட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிடச் சோதனை செய்துகொள்ளுங்க. பாட்டு ஓடாமல் செட்டை ஆன் செய்து, ஸ்பீக்கர் ஒயர்கள் இரண்டுக்கும் நடுவே டிசி வோல்ட் பாருங்க. சும்மா கிடக்கிற கண்டன்சர் முனை வோல்டேஜ் காட்டி ஏமாற்றாமல் இருக்க, இரண்டு ஒயருக்கும் குறுக்கே ஒரு 100 ஓம் ரெசிஸ்டரை வைத்துக்கொள்வது நல்லது. சில மில்லிவோல்ட் என்றால் பயமில்லை, சில வோல்ட் என்றால் அந்தக் கண்டன்சர் போய்விட்டது. பிரிட்ஜ் முறை போர்டில் வெளியீட்டுக் கண்டன்சரே இருக்காது. அதில் கிரவுண்டை வைத்து அளந்தால் 6 வோல்ட் காட்டத்தான் செய்யும், அதைப் பார்த்து மிரள வேண்டாம்.

6. வெளியீட்டில் எவ்வளவு பெரிய கண்டன்சர் போடலாம்? 4 ஓம் ஸ்பீக்கருக்கு 470 மைக்ரோஃபாரட் போட்டால் 85 ஹெர்ட்ஸுக்குக் கீழே சத்தம் குறையத் தொடங்கும். 1000 போட்டால் 40, 2200 போட்டால் 18. 8 ஓம் ஸ்பீக்கருக்கு இதில் பாதி அளவு போதும். கையகல ஸ்பீக்கரால் அவ்வளவு கீழே இறங்கிப் பாடவே முடியாது என்பதால், அதற்கு 2200 வாங்குவது வீண் செலவு.

7. வால்யூம் கன்ட்ரோலுக்கு முன்னால் இருக்கிற குட்டிக் கண்டன்சரிலும் இதே கணக்குதான். 10 கிலோ ஓம் கன்ட்ரோலுக்கு 0.1 மைக்ரோ போட்டால் 159 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறைந்துவிடும், ஆண் குரலே சோகையாகக் கேட்கும். அந்த இடத்தில் 1 மைக்ரோ போட்டுப் பாருங்க, 16 ஹெர்ட்ஸ் வரை இறங்கிவிடும்.

8. குட்டிக் கண்டன்சர் மேல் 104 என்று போட்டிருந்தால் 10-க்குப் பின்னால் நான்கு சைபர், அத்தனை பிக்கோஃபாரட். அதாவது 0.1 மைக்ரோ. 103 என்றால் 0.01, 105 என்றால் 1.

9. உருளை எலக்ட்ரோலிட்டிக்கில் கோடு போட்ட பக்கம் மைனஸ். டிசி கூடுதலாக நிற்கிற பக்கம் பிளஸ் வர வேண்டும். 4440 வெளியீட்டில் ஐசி பக்கம் பிளஸ், ஸ்பீக்கர் பக்கம் மைனஸ். கழற்றுவதற்கு முன்னால் செல்போனில் ஒரு படம் எடுத்துவைத்தால் குழப்பமே வராது.

10. வோல்டேஜ் எண் பழையதற்குச் சமமாகவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. வேனிலோ ஆட்டோவிலோ வைக்கிற செட் என்றால் 16 வோல்ட் பீஸை விட 25 வோல்ட் நல்லது. வண்டி ஓடும்போது பேட்டரி 14 வோல்ட்டைத் தாண்டும். ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டுக்கோ ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிக்கோ போகிறபோது பழைய பீஸைக் கையோடு எடுத்துப் போங்க, கடைக்கு இரண்டாம் நடை மிச்சம்.

11. சித்திரை வெயிலில் நம் ஊர் மொட்டை மாடி அறை எப்படிக் கொதிக்கும் என்று சொல்லவே வேண்டாம். எலக்ட்ரோலிட்டிக்குக்குச் சூடுதான் எமன்: 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆம்ப்ளிபயரை ஜன்னல் வெயிலிலிருந்து தள்ளி, மேலே துணி போர்த்தாமல் வைங்க. கண்டன்சர் வாங்கும்போது 85 டிகிரிக்குப் பதில் 105 டிகிரி பீஸாகக் கேட்டு வாங்குங்க. விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது.

12. வால்யூமைத் திருகினால் கரகரவென்கிறதா? முதலில் கன்ட்ரோலைச் சுத்தம் செய்து பாருங்க. அப்புறமும் போகவில்லை என்றால் அதன் கால்களில் டிசி இருக்கிறதா என்று அளங்க. இருந்தால் முன்னால் உள்ள கப்ளிங் கண்டன்சர் கசிகிறது, கன்ட்ரோலை மாற்றிப் பயனில்லை.

13. ஆன் செய்ததும் ஸ்பீக்கரில் ‘டொப்’ என்று கேட்பது வெளியீட்டுக் கண்டன்சர் நிரம்புகிற சத்தம், பயப்பட வேண்டாம். முதலில் போனையோ ரேடியோவையோ ஆன் செய்து ஆம்ப்ளிபயரைக் கடைசியில் போடுங்க. அணைக்கும்போது ஆம்ப்ளிபயரை முதலில் அணைங்க. ஸ்பீக்கருக்கு அதிர்ச்சி குறையும்.

14. தாத்தா காலத்து மர்ஃபி, பிலிப்ஸ் வால்வு ரேடியோ பரணில் இருந்தால் ஆசையில் உடனே பிளக்கைச் சொருகிவிடாதீங்க. அதிலுள்ள காகிதக் கப்ளிங் கண்டன்சர்கள் இத்தனை வருடத்தில் கசியத் தொடங்கியிருக்கும். கசிந்த டிசி வெளியீட்டு வால்வைப் பழுக்கவைத்துக் கொன்றுவிடும். கண்டன்சர் எளிதாகக் கிடைக்கும், வால்வைத் தேடித்தான் அலைய வேண்டும். உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிற செட் இது, அனுபவமுள்ள மெக்கானிக் கையாலேயே 630 வோல்ட் பாலியெஸ்டர் கண்டன்சர்களாக மாற்றிக்கொள்ளுங்க.

15. 2006-ல் தொடங்கிய தமிழக அரசுத் திட்டத்தில் வந்த 14 இஞ்ச் இலவச கலர் டிவி மூலையில் கிடக்கிறதா? போர்டில் இருக்கிற தட்டையான பாலியெஸ்டர் கண்டன்சர்களைக் கழற்றி, மீட்டரில் அளவு சரியாக இருந்தால் கப்ளிங்குக்குத் திரும்பப் பயன்படுத்தலாம். எலக்ட்ரோலிட்டிக்குகளை மட்டும் எடுக்காதீங்க, உள்ளே காய்ந்திருக்கும். டிவி கொஞ்ச நேரத்துக்கு முன்னால் ஓடியிருந்தால் உள்ளே உள்ள பெரிய கண்டன்சரில் 300 வோல்ட் வரை நிற்கும், பிக்சர் ட்யூபில் அதைவிடப் பல மடங்கு நிற்கும். இரண்டையும் இறக்கிவிடத் தெரிந்தவர்தான் மூடியைத் திறக்கலாம்.

16. ஃபேன் ‘உம்ம்’ என்று நின்று, கம்பால் தள்ளினால் சுற்றுகிறதா? அங்கே இருப்பது கப்ளிங் அல்ல, மோட்டார் கண்டன்சர். அதுவும் அளவு குறைந்து பழுதாவதுண்டு. சீலிங் ஃபேனில் பெரும்பாலும் 2.5 மைக்ரோ இருக்கும், எதற்கும் பழையதன் உடம்பில் உள்ள எண்ணையே பார்த்து வாங்குங்க. 2011-ல் தொடங்கிய அரசு இலவசத் திட்டத்தில் கிடைத்த ஃபேனையும் கிரைண்டரையும் கழிப்பதற்கு முன்னால் இதை ஒருமுறை மாற்றிப் பார்த்துவிடுங்க.

17. பிளக்கில் சொருகினால் கரண்ட் பில் பாதியாகும் என்று விற்கிற பெட்டிகளை வாங்காதீங்க. உள்ளே இருப்பது ஒரு கண்டன்சரும் ஒரு எல்இடி விளக்கும்தான். ராஜபாளையத்து மில்களுக்குப் பவர் ஃபேக்டர் குறைந்தால் கூடுதல் கட்டணம் உண்டு, அதனால் அங்கே கண்டன்சர் வரிசை லாபம் தரும். நம் வீட்டு மீட்டர் கணக்கெடுப்பது யூனிட்டை மட்டும், அது இந்தப் பெட்டியால் குறையாது.

18. கண்டன்சர் மாற்றிய அன்றே அதன் அளவையும் தேதியையும் ஒரு சின்னச் சீட்டில் எழுதி மூடியின் உட்பக்கம் ஒட்டிவைங்க. உங்களுக்குப் பிடிபட்ட வேறு குறிப்பு இருந்தால் பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்க, அவர்கள் வீட்டிலும் ஒரு ரேடியோ தப்பிக்கட்டும்.