கொள்ளின் தோல் மெலிந்த கதை

கேள்வி: நான் ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் தேன்கனிக்கோட்டைப் பக்கம். அப்பா இன்னும் ராகியும் கொள்ளும் விதைக்கிறார். "காட்டுச் செடியையும் விலங்கையும் மனிதன் பழக்கினான்" என்று மகள் பாடம் படித்தாள். அதைக் கேட்ட அப்பா, "நாம எங்கே பழக்கினோம்? அதுங்கதான் நம்மளைக் கொல்லையோட கட்டிப்போட்டிருக்கு" என்றார். யார் சொல்வது சரி? நம் பக்கத்து யானைகளும் இந்தக் கணக்கில் வருமா?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: நான் முக்கால்வாசி உங்கள் அப்பா கட்சி. அவர் விதைக்கும் கொள்ளையே எடுத்துக்கொள்வோம்.

காட்டுக் கொள்ளின் காய் முற்றியதும் வெடித்து விதையைச் சிதறவிடும். விதையின் தோலும் தடிமன். முதல் மழைக்குச் சில முளைக்கும், மற்றவை மண்ணுக்குள்ளேயே அடுத்த வருஷத்துக்குக் காத்திருக்கும். மழை ஏமாற்றினாலும் வம்சம் அழியாது. ஆனால் விதைக்கிறவருக்கு இது சரிப்படாது. போட்ட விதை ஒன்றாக முளைத்து ஒன்றாக முற்ற வேண்டும். தாமதமாக முளைத்தது அறுப்புக்கு வந்து சேராது. அறுப்புக்கு வராதது அடுத்த வருஷ விதைக் கூடையிலும் இருக்காது. யாரும் உட்கார்ந்து பொறுக்கிப் பிரிக்கவில்லை. விதைப்பும் அறுப்புமே சல்லடையாக நின்றன.

இது வெறும் ஊகமல்ல. லண்டன் ஆய்வாளர்களான சார்லீன் மர்ஃபியும் டோரியன் ஃபுல்லரும் இந்திய அகழாய்வுகளில் கிடைத்த கொள்ளு விதைகளைச் சக்திவாய்ந்த எக்ஸ் கதிரில் வைத்து, உடைக்காமலே தோலின் தடிமனை அளந்தார்கள். 2017இல் முடிவு வெளிவந்தது. கி.மு. 2000 வாக்கில் தடித்திருந்த தோல் அதன்பின் படிப்படியாக மெலிந்தது. பல நூற்றாண்டுகள் பிடித்த வேலை! இன்று பையூர் வேளாண் ஆராய்ச்சி நிலையம் சில வருஷங்களில் ஒரு ரகத்தை வெளியிட்டுவிடுகிறது என்றால், அதன் அடியில் இத்தனை தலைமுறைக் கைகளின் உழைப்பு இருக்கிறது.

ராகியும் இப்படித்தான். ஆப்பிரிக்க மேட்டு நிலத்துப் புல் அது. மணி உதிராமல் கதிரிலேயே நிற்கப் பழகியபின், அடித்துப் பிரிக்க ஆள் இல்லாமல் அதற்குப் பிழைப்பில்லை. நமக்கும் களி இல்லாமல் பிழைப்பில்லை. அப்பா சொன்ன கட்டு இதுதான்.

கோழியில் ஒரு வேடிக்கை. நாட்டுக்கோழியின் மூதாதை வடக்கிலும் கிழக்கிலும் வாழும் சிவப்புக் காட்டுக்கோழி. ஆனால் பல கோழிகளின் மஞ்சள் தோலுக்கும் மஞ்சள் காலுக்கும் காரணமான மரபணு, தென்னிந்தியக் காடுகளில் கூவுகிற சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் கண்டார்கள்.

யானை இந்தக் கணக்கில் வராது. ஆயிரக்கணக்கான வருஷமாகப் பிடித்துப் பழக்கினோம். ஆனால் எந்த யானை எதோடு சேர்ந்து கன்று ஈன வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக நாம் தேர்ந்ததில்லை. பழகிய யானையின் கன்றும் காட்டு யானைக் கன்றுதான். ஜவளகிரி வழியாக ராகிக் கொல்லைக்கு இறங்கும் கூட்டத்துக்கு நம் ராகி பிடித்திருக்கிறது, அவ்வளவே.

கட்டு இரண்டு பக்கமும் என்றால், மனிதனும் மாறினானா? பால் குடி மறந்தபின் பால் சர்க்கரையைச் செரிக்கும் சக்தி பாலூட்டிகளுக்குக் குறைந்துவிடும். மாடு மேய்த்த சில கூட்டங்களில் மட்டும் அது ஆயுசுக்கும் தங்கியது. நீலகிரித் தோடர்களிடம் அந்தச் சக்தியைத் தரும் மரபணு மாற்றம் மிகுதி. தெற்கே மற்றவர்களிடம் குறைவு. நாம் பாலைத் தயிராக்கி மோராக்கிக் குடித்தோம். உடம்பு செய்ய வேண்டிய வேலையில் ஒரு பங்கை உறை ஊற்றிய பானை செய்தது.  

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்பாவிடம் ஒரு பிடி கொள்ளு வாங்கி ராத்திரி ஊறவையுங்கள். விடிந்ததும் ஊறாமல் கல்லாகக் கிடக்கும் நாலைந்தைத் தனியே எடுத்து மகளிடம் காட்டுங்கள். பழைய தடித்த தோலின் மிச்சம் அவற்றில் இருக்கலாம். எத்தனை தேறின என்று எனக்கு எழுதுங்கள்.