புதுவையில் இறையில்லங்கள் கண்ட ஒரு நாள்

வழிபாட்டிற்கென எடுக்கப்பட்ட கட்டடங்கள் அரசு மாறுங்கால் இருவகை நிலையை எய்துகின்றன. சிலவற்றிற் சுவர் நிலைத்து வழிபாடு மாறும்; சிலவற்றில் வழிபாடு நிலைத்துச் சுவர் அழியும். முன்னதற்குக் கான்ஸ்டாண்டிநோபிள் நகரின் ஹாகியா சோபியா சான்றாகும். 537-இல் கிறிஸ்தவ ஆலயமாய் நிறைவெய்திய அது, 1453-இல் துருக்கியர் அந்நகரைக் கைக்கொண்டபோது பள்ளிவாசலாயிற்று. 1934-ஆம் ஆண்டின் ஆணையாற் பொருட்காட்சிசாலையாகி, 2020-இல் மீண்டும் பள்ளிவாசலாயிற்று. பின்னதற்குச் சான்று தேடி நெடுந்தொலை செல்ல வேண்டுவதில்லை, புதுச்சேரியே போதும்.

சங்கராபரணி யாற்றையடுத்த செல்லிப்பட்டில் தங்கியிருந்த யாங்கள் காலையிற் புறப்பட்டோம். வில்லியனூரில் திருக்காமீசுவரர் கோயிலையும் லூர்து மாதா ஆலயத்தையும் பள்ளிவாசலையும் வழியிற் கண்டு, நகரத்து மிஷன் வீதியை அடைந்தோம்.

அவ்வீதியிலுள்ள பேராலயம் ஜென்மராக்கினி மாதாவின் பெயரால் அமைந்தது. ஊராரோ அதனைச் 'சம்பாக் கோவில்' என்றே வழங்குகின்றனர். சேசு சபையார் முன்பு எடுத்த ஆலயம் புனித பவுலின் பெயருடையதென்றும், அப்பெயரே திரிந்து சம்பா ஆயிற்றென்றும் கூறுவர். 1692-இல் எழுந்த முதல் ஆலயத்தை மறுவாண்டே ஒல்லாந்தர் அழித்தனர். பின்னர் எழுந்தது 1761-இல் ஆங்கிலேயர் நகரைத் தரைமட்டமாக்கியபோது வீழ்ந்தது. இன்று நிற்பது 1791-இல் நிறைவெய்தியது. முகப்பின் இணைத்தூண்களைக் காண்போர்க்கு இவ்வரலாறு தோன்றாது. பெயரைக் கேட்போர்க்கே தோன்றும்.

வீழ்ந்தவை எம்மவர் ஆலயங்கள் மட்டுமல்ல. கிறிஸ்தவ மாணவராகிய யாங்கள் இதனை மறைத்தெழுதுதல் முறையன்று. சேசு சபையாரின் ஆலயத்தையடுத்து வேதபுரீசுவரர் கோயில் இருந்தது. அதனை அகற்றவேண்டுமெனக் குருமார் பல்லாண்டு வற்புறுத்தி வந்தனர். 1748 செப்டம்பரில், ஆங்கிலேயரின் முற்றுகை நெருங்கிய நாளில், கவர்னர் துய்ப்ளேயின் ஆட்சியில் அஃது இடிக்கப்பட்டது. ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் இதனை விரித்தெழுதியுள்ளார். பள்ளிவாசல் ஒன்றையும் இடிக்க முற்பட்டபோது, சிப்பாய்களின் தலைவரான அப்துல் ரகுமான் கவர்னரிடஞ் சென்று, அதிற் கைவைத்தாற் சிப்பாய்கள் பொறார் என்று அறிவிக்கவே, அம்முயற்சி கைவிடப்பட்டதென்றும் அவர் குறிக்கின்றார். முற்றுகைக் காலத்திற் சிப்பாய்களின்றி நகரைக் காத்தல் இயலாது. அன்று தீர்ப்பளித்தது படைக்கணக்கே. வேதபுரீசுவரர்க்குப் பிற்காலத்தில் வேறோரிடத்திற் கோயில் எழுந்தது.

முல்லா வீதிப் பக்கம் சென்று, நண்பகற் றொழுகை முடியுமட்டும் காத்திருந்து பள்ளிவாசலைக் கண்டோம். அங்கிருந்த முதியவர் ஒருவர் எங்களை அன்போடு அமர்த்தினார். மேற்கூறிய செய்தியை அவரிடஞ் சொன்னோம். சிறிது நேரம் வாளாவிருந்து, "அந்தக் கோயிலுக்காகவும் யாராவது போய்ப் பேசியிருக்கலாமே, தம்பி" என்றார். எங்களிடம் மறுமொழி இல்லை.

மாலையில் அரிக்கமேடு சென்றோம். உரோமர் வாணிகத்தாற் புகழ்பெற்ற அவ்விடத்தை 1945-இல் வீலர் அகழ்ந்தார். யாங்கள் தேடிச் சென்றது பிறிதொன்று. பாரிஸ் அயல்நாட்டு மறைபோதகச் சபையார் கீழ்த்திசைப் போர்க் குழப்பங்களுக்குத் தப்பித் தம் குருமடத்தை 1770-இல் இப்பகுதிக்குக் கொணர்ந்தனர். பின்னாளில் மேற்றிராணியாரான பிஞ்ஞோ தே பெஹேன் அதனை நடத்தினார். சீனம், சயாம், கொச்சின்சீனம் முதலிய நாட்டு மாணவர் ஈங்கு இலத்தீன் பயின்றனர். இன்று மரங்களிடையே செங்கற் சுவர்கள் சிலவே எஞ்சியுள்ளன. அருகே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவனை, "இஃது என்ன கட்டடம்?" என்று வினவினோம். "பழைய பங்களாங்க" என்றான்.